சுவர்க் காகிதச் சண்டை

கேள்வி: பொதுவுடைமை நாடுகள் அண்ணன் தம்பிகளாக இருந்தன. சீர்திருத்தம் என்று கிளம்பி, கிழக்கு ஜெர்மனியை முதுகில் குத்தியவர் கோர்பச்சேவ்தானே? (வாசகர் ஒருவர், விருதுநகர்)

பதில்: அண்ணன் தம்பி, சரி. ஆனால் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் தம்பிதான்.

'சோவியத் யூனியனிடம் கற்பதே வெற்றிபெறக் கற்பது' என்று ஆண்டுக்கணக்கில் முழங்கிய நாடு கிழக்கு ஜெர்மனி. கோர்பச்சேவ் சோவியத் தலைவராகிச் சீர்திருத்தம் என்று கிளம்பியதும் பாடம் கசந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டினால் நாமும் ஒட்ட வேண்டுமா என்று 1987 ஏப்ரலில் கேட்டார் கட்சித் தலைவர்களில் ஒருவரான குர்ட் ஹாகர். பக்கத்து வீடாம்! அந்த வீட்டுக்காரரின் படைவீரர்கள் மூன்று லட்சம் பேருக்கு மேல் இவர் வீட்டுக்குள்தான் குடியிருந்தார்கள்.

அப்புறம் 1988 நவம்பர். 'ஸ்புட்னிக்' என்ற சோவியத் இதழ், ஸ்டாலின் ஹிட்லரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றியெல்லாம் எழுதிவிட்டது. கிழக்கு ஜெர்மனி அதைத் தபால் விநியோகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தடை என்று சொல்லவில்லை, பாருங்கள். ஜெர்மன்-சோவியத் நட்பை வளர்க்க அந்த இதழ் உதவவில்லை என்பது காரணம். மாஸ்கோ அச்சடித்த பத்திரிகை மாஸ்கோ நட்புக்கு ஆகாதாம்! (1989 ஆகஸ்டில் கியூபாவும் இதே இதழை நிறுத்தியது.)

அதிபர் ஹொனேக்கரின் பயத்திலும் அர்த்தம் இருந்தது. பொதுவுடைமை போனாலும் போலந்து போலந்துதான். கிழக்கு ஜெர்மனியில் அது போய்விட்டால், மேற்கு ஜெர்மனிக்குப் பக்கத்தில் இன்னொரு ஜெர்மனி எதற்கு? கட்சியின் சித்தாந்தி ஒட்டோ ரைன்ஹோல்டே 1989 ஆகஸ்டில் வெளிப்படையாக இதைக் கேட்டார். அடுத்த மாதமே இன்னொரு 'சகோதரன்' ஹங்கேரி, தப்பி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் 1969 ஒப்பந்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஆஸ்திரிய எல்லையைத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் போனார்கள்.

கோர்பச்சேவ் செய்தது என்ன? 1953-இல் கிழக்கு பெர்லின் தொழிலாளர்கள் மீது சோவியத் டாங்கிகள் ஏறின. 1989-இல் மக்கள் திரும்பவும் தெருவில் இறங்கியபோது, அவர் அவற்றை முகாமை விட்டு வெளியே விடவில்லை. இதையா முதுகில் குத்தியது என்கிறீர்கள்?

இன்னொன்று. 1991 மார்ச்சில், ஒன்றாகிவிட்ட ஜெர்மனியின் கைது வாரண்ட் நிலுவையில் இருந்தபோதே, பதவியிழந்த ஹொனேக்கரை மாஸ்கோவுக்கு ஏற்றிச் சென்றது கோர்பச்சேவ் ஆட்சியின் ராணுவ விமானம். அவரை ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பியது 1992 ஜூலையில், கோர்பச்சேவுக்குப் பின் வந்த யெல்ட்சினின் ரஷ்யா.