கேள்வி–பதில்: குழந்தையைப் பிடி, எழுதித் தருகிறேன்

கேள்வி: "பெண்ணுரிமை பேசிய பெண்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போனதே இல்லை, இரண்டு பெண்கள் சேர்ந்தால் சண்டைதான்" என்கிறார் என் அலுவலக நண்பர். நிஜமா?

பதில்: ஆண்கள் நடத்தும் கட்சிகள் எத்தனை துண்டாகியிருக்கின்றன என்று உங்கள் நண்பர் எண்ணிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. போகட்டும்.

அமெரிக்காவில் எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் பி. அந்தோனி என்று இருவர், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்கள். 1851இல் செனிகா ஃபால்ஸ் என்ற ஊரில், தெருவில் வைத்து அறிமுகமானார்கள். எலிசபெத் பிள்ளைகுட்டிக்காரி; எழுத்தில் நெருப்பு. சூசன் கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஊர் ஊராக அலைந்து கூட்டம் போடுவதில் சளைக்காதவர். ஆனால் பேனாவை எடுத்தால் ஓடாது.

1856இல் ஓர் ஆசிரியர் மாநாட்டில் சூசன் பேச வேண்டும். உரை வரவில்லை. ஜூனில் தோழி எலிசபெத்துக்குக் கடிதம் போட்டார்: மடியில் ஒரு குழந்தை, காலடியில் ஒன்று, 'அம்மா, அம்மா' என்று கத்தும் நாலு பையன்கள், எல்லாம் இருக்கட்டும், எனக்கு எழுதிக் கொடு. எலிசபெத்தின் பதில்: இங்கே வா, எழுதித் தருகிறேன், நீ குழந்தையைப் பிடித்துக்கொண்டு புட்டிங் செய்தால்! சூசன் அப்படி வந்து பிள்ளை பார்த்த நாட்கள் ஏராளம். ஆண் தலைவருக்கும் வீட்டில் பிள்ளை பார்க்க ஓர் ஆள் இருந்தார்தான். அந்த ஆள் மேடை ஏறியதாகத்தான் கேள்விப்பட்டதில்லை.

சரி, சண்டை? கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15வது திருத்தம் பெண்களை விட்டுவிட்டது என்று இருவருமே அதை எதிர்த்தார்கள். அந்த ஆத்திரத்தில் எலிசபெத் கறுப்பின ஆண்களை இழிவாகவும் பேசினார். அதற்குச் சமாதானம் சொல்ல நான் தயாரில்லை. 1869இல் இயக்கம் இரண்டாகி, 1890இல்தான் ஒட்டியது. ஆக, பிளவு உண்டு. உங்கள் நண்பருக்கு அரை மார்க்.

ஆனால் இந்த இருவர்? பைபிள் பெண்களைத் தாழ்த்துகிறது என்று 1895இல் எலிசபெத் புத்தகம் போட்டார். சூசனுக்கே அதில் உடன்பாடில்லை. மறு ஆண்டு பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அந்தப் புத்தகத்தைக் கைகழுவத் தீர்மானம் கொண்டுவந்தபோது, தலைவராக இருந்த சூசன் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். 53க்கு 41 என்று தோற்றார். நட்பு மட்டும் 1902இல் எலிசபெத் கண்மூடும் வரை, 51 வருடம் நீடித்தது.

பெண்களுக்கு வாக்குரிமை தந்த திருத்தம் 1920இல் வந்தபோது சூசனும் இல்லை. 1856இல் கைக்குழந்தையாக இருந்த எலிசபெத்தின் மகள் ஹேரியட் இருந்தார், 64 வயதில். அவரும் வாக்குரிமைக்காக நியூயார்க் தெருக்களில் ஊர்வலம் நடத்தியவர்தான்.