15 சதவீதத்தைக் கழிக்காதீர்கள்

கேள்வி: மகளுக்குச் சங்கிலி வாங்க 2,00,000 ரூபாய் வைத்திருக்கிறேன். தங்கம் கிராம் 10,000 ரூபாய், சேதாரம் 12 சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம் என்றால், மொத்தம் 15 சதவீதத்தைக் கழித்ததில் 17 கிராம் வருகிறது. கடையிலும் 17 கிராமுக்கு ‘எல்லாம் சேர்த்து 2 லட்சம்’ என்கிறார்கள். சரிதானா?

பதில்: இல்லை. சேதாரம் தங்கத்தின் விலைமீது ஏறுவது, உங்கள் பையிலுள்ள பணத்தின்மீது அல்ல. ஜிஎஸ்டியோ அந்தச் சேதாரத்தையும் சேர்த்த தொகைமீது ஏறுகிறது. கழிக்க முடியாது, வகுக்கத்தான் வேண்டும்.

தெரியாத எடையை ‘எ’ என்று வையுங்கள். ஒரு கிராம் 10,000, சேதாரத்தோடு 11,200, வரியோடு 11,536. ஆக, 11,536 × எ = 2,00,000. வகுத்தால் 17.34 கிராம். நீங்கள் சொன்ன 17 கிராமுக்கு நியாயமான பில் 1,96,112 ரூபாய்தான். ‘எல்லாம் சேர்த்து’ என்ற அந்த இரண்டு சொல்லுக்கு 3,888 ரூபாய் விலை!

தகப்பன் வயது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு என்று வருடக்கணக்கில் பிள்ளைகளை வாட்டுகிறோம். ஒரு நகைக்கடை பில்லைக் கரும்பலகையில் எழுதிப் போட யாருக்கு நேரம் இருக்கிறது? தேர்வில் வராதாம்.

கல் வைத்த நகை என்றால் கணக்கு மாறும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘எ’ என்பது கல்லை நீக்கிய தங்கத்தின் எடை மட்டுமே. கல்லின் விலை 4,000 என்றால் வரியோடு 4,120. அப்போது 11,536 × எ + 4,120 = 2,00,000. முதலில் 4,120ஐக் கழித்துவிட்டு, பிறகு வகுங்கள்: 16.98 கிராம். தராசு காட்டும் எடையில் ஒன்றரை கிராம் கல் ஒளிந்திருந்து, அதற்கும் தங்க விலை, சேதாரம், வரி எல்லாம் போட்டால் 17,304 ரூபாய் போயிற்று. அதாவது, கண்ணாடிக் கல்லுக்கும் சேதாரம் கட்டுவீர்கள்.

‘தெரிந்த கடை, நான் பேசிக் குறைக்கிறேன்’ என்று கூடவே வருபவரையும் தவிர்த்துவிடுங்கள். அவருடைய கமிஷன் பெரும்பாலும் உங்கள் சேதாரத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கும். ‘சேதாரமே இல்லை’ என்ற பலகையைப் பார்த்தால் செய்கூலி எவ்வளவு, கல் விலை எவ்வளவு என்று கேளுங்கள். செய்கூலியைச் சதவீதமாகச் சொல்லாமல் கிராமுக்கு இவ்வளவு என்றால், அதை 10,000த்தோடு கூட்டிக்கொண்டு வரியைப் போடுங்கள்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக எழுதப்படும்வரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.