நெல் விளையும் ஊர்ப் பெண்ணுக்குக் கோதுமை ஆராய்ச்சி எதற்கு?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் பாதி கோபம், பாதி கவலை. பிளஸ் டூ படிக்கும் மகள் நீட் எழுத மறுக்கிறாள், "கோதுமையில் மரபணு திருத்தம் செய்து குரோமோசோம்கள் எப்படிக் கலக்கின்றன என்று ஆராயப் போகிறேன்" என்கிறாள், நம் ஊரில் கோதுமையே விளையாதே, இதை நம்பி எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவளிடமும் தொலைபேசியில் பேசினேன். ஏதோ ஒரு காணொளியைப் பார்த்த மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

முதலில் ஊர் விஷயம். எம்.எஸ். சுவாமிநாதன் பிறந்தது கும்பகோணத்தில். கோவை வேளாண் கல்லூரியில் படித்து, 1952-இல் கேம்பிரிட்ஜில் உருளைக்கிழங்கு இனங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, பிறகு டெல்லியில் கோதுமைக்கு வந்தவர் அவர். கோதுமை தமிழ்நாட்டுக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் ஒன்று நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. அங்குள்ள குளிரும் ஈரமும் கோதுமையைத் தாக்கும் துரு நோய் என்ற பூஞ்சை நோய்க்கு மிகவும் பிடித்தவை. அதனால் நோயைத் தாங்கும் ரகங்களைச் சோதிக்க நாடு முழுவதிலிருந்தும் விதைகள் அங்கே வருகின்றன. ஒருநாள் அவளை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள்.

இனி அவள் சொல்லும் ஆராய்ச்சி. இது புரிந்தால்தான் எந்தக் கல்லூரி என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். அவளுடைய தாவரவியல் புத்தகத்தில் குன்றல் பகுப்பு, குறுக்கேற்றம் என்று இரண்டு சொற்கள் வருகின்றன. மகரந்தமும் கருமுட்டையும் உருவாகும்போது நடக்கும் செல் பகுப்புதான் குன்றல் பகுப்பு. அப்போது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த குரோமோசோம்கள் இணை சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொள்வது குறுக்கேற்றம். பயிர்ப் பெருக்கம் முழுவதும் இதை நம்பித்தான் நடக்கிறது. கோதுமையில் இது கஞ்சத்தனமாக நடக்கிறது. ஓரங்களை மட்டும் கலைத்து நடுக்கட்டை அப்படியே வைத்துவிடும் சீட்டாட்டக்காரனைப் போல, கோதுமைக் குரோமோசோம்கள் பெரும்பாலும் இரு முனைகளில் மட்டுமே துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் மரபணுக்கள் நல்லதும் கெட்டதுமாக ஒட்டியபடியே தலைமுறை தலைமுறையாகப் போகின்றன. ஒரு காட்டுப் புல்லிலிருந்து துரு நோய் எதிர்ப்பு மரபணுவைக் கோதுமைக்குக் கொண்டுவந்தபோது, மாவை மஞ்சளாக்கும் மரபணுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வெட்டிப் பிரிப்பதற்குள் ஆராய்ச்சியாளர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரொட்டிக் கோதுமைக்குள் மூன்று புல்லினங்களின் மரபுத்தொகுதிகள் சேர்ந்து குடியிருக்கின்றன. மொத்தம் 42 குரோமோசோம்கள், சுமார் 1,600 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். மனிதனுக்கு இருப்பதைப் போல ஐந்து மடங்கு. இவ்வளவு ஒத்த குரோமோசோம்கள் இருந்தும் ஒவ்வொன்றும் தன் சரியான இணையை மட்டுமே தேடிச் சேர்கிறது, காட்டுப் புல்லின் குரோமோசோமோடு சேர மறுக்கிறது. இதைக் கட்டுப்படுத்தும் பகுதி 5பி என்ற குரோமோசோமில் இருப்பது 1958-இல் தெரிந்தது. இங்கிலாந்தில் ரைலியும் சாப்மனும் அந்தக் குரோமோசோமே இல்லாத செடிகளை வைத்து அதைக் கண்டார்கள். 1977-இல் அமெரிக்காவில் சியர்ஸ் எக்ஸ் கதிர் பாய்ச்சி அந்தப் பகுதி அறுந்துபோன செடியை உருவாக்கினார். அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் நாரிச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கிரஹாம் மூர் குழுவினர் அந்தப் பகுதியில் இருந்த ஒரே ஒரு மரபணுவை, சிப்4 என்பதை, கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தக் கருவி கொண்டு முடக்கிப் பார்த்தார்கள். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் அதுதான் என்று உறுதியானது. அதே குழு, அந்த மரபணு முடங்கிய கோதுமையைக் காட்டு இனத்தோடு சேர்த்த கலப்புச் செடிகளுக்கு மக்னீசியம் கலந்த நீரை ஊற்றினால் குறுக்கேற்றம் இன்னும் கூடுகிறது என்றும் கண்டது. இத்தனை நுட்பமான வேலைக்கு நடுவே ஒரு துணை விடை தண்ணீரில் கரைந்து கிடந்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அறுபது ஆண்டுகளாகக் கேள்வி ஒன்றேதான், கருவிதான் மாறிக்கொண்டே வந்தது. 2014-இல் சீன அறிவியல் கழகக் குழு கோதுமையின் ஒரு மரபணுவுக்கு இருந்த மூன்று நகல்களையும் முடக்கிச் சாம்பல் நோயைத் தாங்கும் செடியை உருவாக்கியபோது, அந்த மூன்றையும் ஒருசேர மாற்றியது கிரிஸ்பர் அல்ல, டாலென் என்ற வேறொரு கருவி. அந்தப் பெயரை இன்று எத்தனை மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? ஆகவே "ஜீன் எடிட்டிங் டிப்ளமோ" என்று விளம்பரம் செய்து பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கருவியைப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த சில மாதங்களில் கற்றுவிடலாம். செடியையும் குரோமோசோமையும் பற்றிய அறிவு அப்படி வராது.

என் பரிந்துரை, நான்காண்டு பி.எஸ்சி. (ஹானர்ஸ்) வேளாண்மை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை போடுகிறார்கள். வெளிமாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் அகில இந்திய இடங்களுக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். அதன்பின் மரபியல் மற்றும் பயிர்ப்பெருக்கத்தில் முதுநிலை, முடிந்தால் டெல்லியில். பொறியியல் கல்லூரியின் பி.டெக். பயோடெக்னாலஜி மோசமான படிப்பு அல்ல. ஆனால் இவளுக்கு அது தவறான வாசல். வேளாண் முதுநிலைப் பாடங்கள் பலவற்றுக்கு வேளாண் இளநிலைப் பட்டம் கேட்கிறார்கள். வயலில் நடக்காத பயோடெக் மாணவர்களுக்கு அங்கே கதவு திறப்பதில்லை. அறிவியலின் அடிப்படையிலேயே அவளுக்கு ஆசை என்றால் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் ஐந்தாண்டுப் படிப்பும் நல்லது. திருவனந்தபுரம் ஐசரில் தாவரக் குரோமோசோம் ஆராய்ச்சி நடக்கிறது.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நான்கு, இரண்டு, பிறகு முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து ஆண்டுகள். உங்கள் மகள் படித்து முடிக்கும்போது வயது இருபத்தெட்டைத் தொட்டிருக்கும். ஆனால் முனைவர் படிப்புக் காலத்தில் அவள் உங்களிடம் கை நீட்ட வேண்டியதில்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அதற்குப் பின் கர்னாலில் உள்ள கோதுமை மற்றும் பார்லி ஆராய்ச்சி நிறுவனம், மொகாலியின் தேசிய வேளாண் உணவு மற்றும் உயிரி உற்பத்தி நிறுவனம், பல்கலைக்கழக ஆசிரியர் பணி, வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத் தேர்வு என்று வழிகள் உள்ளன. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இந்தியாவில் கோதுமை ரகங்கள் பெரும்பாலும் அரசு நிறுவனங்களிலிருந்தே வருகின்றன. தனியார் விதை நிறுவனங்களுக்கு மக்காச்சோளம், பருத்தி, காய்கறி ஆகியவற்றில்தான் ஆர்வம். அதனால் அவள் கோதுமையில் பயின்று மிளகாய்க்கோ தக்காளிக்கோ வேலை பார்க்க நேரலாம். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். திறமை ஒன்றுதான், பயிர் மட்டும்தான் மாறும்.

காலம் சாதகமாகத் திரும்பியிருக்கிறது என்பதும் உண்மை. வெளி மரபணு எதுவும் எஞ்சாத மரபணு திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து மத்திய அரசு 2022-இல் விலக்கு அளித்தது. மரபணு திருத்தம் செய்து 2025 மே மாதம் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட இரண்டு ரகங்களும் நெல். ஆக, நெல் விளையும் ஊர்க்காரரான உங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கோதுமையின் ஒரு சிறு பூவில் மூன்று மகரந்தப்பைகள் இருக்கும். மூன்றிலும் செல் பகுப்பு ஏறக்குறைய ஒரே கட்டத்தில் நடக்கும். ஒன்றை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, சரியான கட்டம் என்று தெரிந்தால்தான் மற்ற இரண்டையும் ஆய்வுக்கு எடுப்பார்கள். இப்படி நாள் முழுவதும் பூ பூவாகப் பிரிக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் சொல்லி, வெங்காயப் பூமொட்டின் மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் சாயமிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் எதுவும் தெரியாது. மறுநாள் தானாக ஆய்வகத்துக்குத் திரும்பிப் போகிறாளா என்று கவனியுங்கள். கணினி நிரலெழுதப் பைதான் கற்றுக்கொள்ளட்டும். 1,600 கோடி எழுத்துகளை யாரும் கண்ணால் படிக்க முடியாது.

வெளிநாடு போக வேண்டியிருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையில் பெரும்பாலும் ஆம், ஒரு சில ஆண்டுகளாவது. நாரிச், ஜெர்மனியின் காட்டர்ஸ்லெபன், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் என்று அவளே பட்டியல் வைத்திருக்கிறாள். இந்தத் துறையில் நல்ல முனைவர் இடங்கள் பெரும்பாலும் உதவித்தொகையோடுதான் வரும். வீட்டை அடமானம் வைத்துப் போக வேண்டிய இடம் எதுவாக இருந்தாலும், கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை எனக்கு எழுதுங்கள்.