படுக்கையறைக்கு ஒரு கடிகார ரேடியோ: மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சவூதியிலிருந்து அக்கா கொண்டுவந்த கடிகார ரேடியோ நன்றாகப் பாடுகிறது. ஆனால் நேரம் மட்டும் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பெட்டரி மாற்றியும் சரிவரவில்லை. பழுதா? (தலவாக்கலை)

பழுதில்லை. சிவப்பு எண்கள் ஒளிரும் பழைய பாணி செட்டுகள் பலவற்றில், பிளக்கில் போட்டிருக்கும்வரை கடிகாரம் கரண்டின் அலைகளை எண்ணித்தான் ஓடும். சவூதி மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அறுபது அலை வந்தால் ஒரு வினாடி என்று கணக்கு வைத்திருக்கும் சிப்புக்கு ஐம்பதுதான் கிடைக்கிறது என்றால் மணிக்கு 10 நிமிடம் பிந்தும். இரவு 9 மணிக்குச் சரியாக வைத்துவிட்டுப் படுத்தால், விடியற்காலை 5 மணிக்கு அது 3.40 காட்டும். ஐந்துக்கு வைத்த அலாரம் அடிக்கும்போது உண்மையான நேரம் 6.36. பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகிறவர் என்றால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்.

செட்டின் அடியில், பின்புறத்தில், பெட்டரி மூடிக்குள் 50/60 என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் 50இல் தள்ளிவிட்டு நேரத்தை மறுபடி வையுங்கள், வேலை முடிந்தது. வெளியே சுவிட்ச் இல்லாத சில செட்டுகளில் உள்ளே போர்டில் ஒரு சிறிய கம்பி இணைப்பு அதே வேலையைச் செய்யும். ரேடியோ திருத்துபவர் கடிகாரச் சிப்பின் எண்ணைப் பார்த்து மாற்றித் தரலாம். அதற்கும் வழியில்லை என்றால் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்போமர் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது.

கனடா, அமெரிக்கா செட்டுகளில் இந்தச் சிக்கலோடு இன்னொன்றும் உண்டு. அவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே நேரே செருகினால் சில நிமிடங்களில் உள்ளே கருகிவிடும். ஸ்டிக்கரில் '100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்' என்று இருந்தால் மட்டும் பயமில்லை. யூஎஸ்பியில் அல்லது டீசீ அடாப்டரில் ஓடும் புதிய செட்டுகள் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நேரம் கணிப்பவை. எந்த நாட்டிலும் பிசகாது.

ஹட்டன் டவுனில் பழைய ஜப்பான் சாமான் விற்கும் கடையில் அருமையான மரப்பெட்டி செட் ஒன்று இருக்கிறது. வாங்கலாமா? (கொட்டகலை)

முதலில் டயலைப் பாருங்கள். ஜப்பானின் எப்.எம். வரிசை 76இல் தொடங்கும். பழைய செட்டுகளில் 90 மெகாஹேர்ட்ஸோடு முடிந்துவிடும், பின்னால் வந்தவற்றில் 95 வரை போகும். நம்முடைய நிலையங்கள் 87.5க்கும் 108க்கும் இடையில் இருப்பதால் முக்கால்வாசி கிடைக்காது. ஜப்பான் கார் வாங்கியவர்கள் பேண்ட் எக்ஸ்பாண்டர் (நம் நிலையங்களை அந்த டயலுக்குள் இறக்கித் தரும் சிறு கருவி) போடுவது இதற்காகத்தான். டயலில் 76-108 என்று இருந்தால் இரண்டாவது கேள்வி: அங்கே 100 வோல்ட். 230ஐ 100 ஆக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போமர் ஒன்று எப்போதும் பக்கத்தில் சூடாகிக்கொண்டிருக்கும். செட் 10 வாட் என்றால் டிரான்ஸ்போமர் 20 வாட்டுக்குக் குறையக் கூடாது. மரப்பெட்டியின் சத்தம் இனிமைதான், ஆனால் தலைமாட்டில் இரவு முழுக்க உறுமும் டிரான்ஸ்போமரையும் சேர்த்து யோசியுங்கள்.

எங்கள் தோட்டம் பள்ளத்தில். கைப்பேசியில் இயர்போன் போட்டால் எப்.எம். எடுக்கிறது, புதிதாக வாங்கிய கடிகார ரேடியோவில் ஒரே இரைச்சல். செட்டை மாற்றித் தரச் சொல்லலாமா? (மஸ்கெலியா)

மாற்றுவதற்கு முன் ஏரியலைக் கவனியுங்கள். இயர்போன் வயர்தான் கைப்பேசிக்கு ஏரியல். ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு உங்கள் உடலோடு சேர்ந்து தொங்குகிறது. கடிகார ரேடியோவின் பின்னால் வரும் மெல்லிய வயரையோ பலர் சுருட்டிக் கட்டிய கட்டு அவிழ்க்காமலே விட்டுவிடுகிறார்கள். அவிழ்த்து முழு நீளத்துக்கும் விரித்து, சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

எப்.எம். அலை நேர்கோட்டில் போவது. ஹுன்னஸ்கிரிய போன்ற உயரங்களில் ஒலிபரப்பிகள் நிற்பது அதனால்தான். நடுவில் ஒரு மலை வந்தால் அதன் நிழலில் இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) நேர் அலை எட்டாது, எதிர்மலையில் பட்டுத் தெறித்த அலைதான் வரும். நேர் அலை கொஞ்சம் எட்டி, தெறித்த அலையும் சேர்ந்து வருகிற இடங்களில் 'ச', 'ஸ' ஒலிகள் கிழிந்த மாதிரிக் கேட்கும். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர் என்பதால் செட்டை ஓர் அடி, இரண்டடி நகர்த்தினாலே தெளிவு மாறும். தகரக் கூரை அலையை மறைக்கும், ஆகவே காம்பராவின் நடுவை விட சன்னலோரம் மேல்.

இன்னும் போதவில்லை என்றால், சாதாரண இரட்டை ஸ்பீக்கர் வயர் 3 மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையில் இரண்டு இழையையும் 75 சென்டிமீட்டருக்குப் பிரித்து, ஆங்கில 'டீ' எழுத்தின் தலைபோல இரு பக்கமும் விரித்து ஒரு மரச்சட்டத்தில் ஆணியடியுங்கள். 75 சென்டிமீட்டர் என்பது 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் கால்பங்கு. மறுமுனையின் இரண்டு இழையும் செட்டின் ஏரியல் துவாரத்துக்குப் போகும். துவாரமே இல்லாத செட் என்றால் ஓர் இழையின் செம்பைச் சீவி, செட்டின் ஏரியல் வயர் நுனியோடு முறுக்குங்கள். சட்டத்தின் அகலப்பக்கம் ஒலிபரப்பி இருக்கும் திசையைப் பார்க்கட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். வயரை வெளியே கூரைமேல் கொண்டுபோகாதீர்கள், இடிக்கு வழி திறந்துவிட்ட மாதிரியாகும்.

ஒரே நிலையம் பல இடங்களுக்குப் பல அலைவரிசைகளில் வருவதையும் மறக்க வேண்டாம். கொழும்புக்காரர் சொல்லும் எண்ணை விட்டுவிட்டு, வரிசை முழுக்க மெதுவாகத் தேடி, உங்கள் பள்ளத்துக்குத் தெளிவானதைப் பதிந்துவையுங்கள்.

'பெட்டரி பேக்கப்' என்று பெட்டியில் போட்டிருந்தது. கரண்ட் போனதும் ரேடியோவே நின்றுவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (பசறை)

ஏமாற்றில்லை, விளம்பரம் பாதியைச் சொல்லியிருக்கிறது. 9 வோல்ட் சதுர பெட்டரியோ, சீஆர் 2032 என்ற காசு வடிவ பெட்டரியோ பெரும்பாலும் நேரத்தையும் அலாரம் வைத்த மணியையும் நினைவில் வைத்திருக்க மட்டுந்தான். எண்கள் அணைந்துவிடும், ரேடியோ பாடாது, சிலவற்றில் அலாரமும் அடிக்காது. அலைகளை எண்ணும் செட்டில் 9 வோல்ட் பெட்டரி போட்டால், கரண்ட் இல்லாத நேரத்தில் சிப் தன் சொந்தக் கணிப்பில் ஓடும். அது அத்தனை துல்லியம் அல்ல, நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு சில நிமிடங்கள் பிசகியிருக்கும். காசு பெட்டரி செட்டுகளில் அந்தப் பிசகு மிகக் குறைவு.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் மண்சரிவு அறிவித்தல் கேட்க வேண்டிய இடங்களில் ரேடியோவும் பெட்டரியில் ஓட வேண்டும். 'நான்கு டபிள் ஏ' என்றோ, 'உள்ளே சார்ஜ் ஆகும் பெட்டரி' என்றோ எழுதியிருக்கும் செட்டைக் கேளுங்கள். கடையிலேயே பிளக்கைக் கழற்றி, பாட்டு தொடர்கிறதா, ஒரு நிமிடம் தள்ளி வைத்த அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். தயங்காமல் செய்யுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.

மாலை 7 மணியானால் எங்கள் லயத்தில் வோல்ட் குறைகிறது. ரேடியோ 'ம்ம்ம்' என்று உறுமுகிறது. (பொகவந்தலாவை)

உள்ளே டிரான்ஸ்போமர் வைத்த செட்டின் குணம் அது. வோல்ட் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் டீசீயை ஒழுங்காக்கும் பகுதியால் சமாளிக்க முடியாமல் மின்சார அலையின் ஒலி ஸ்பீக்கருக்குள் கசிகிறது. 100-240 வோல்ட் அடாப்டரில் ஓடும் செட் இதைப் பொருட்படுத்தாது. ஆனால் மலிவான அடாப்டர், எல்ஈடி பல்ப், சார்ஜர் ஆகியவை மத்திய அலையில் இரைச்சல் போடும். இரவில் இந்திய நிலையங்கள் கேட்பவர்கள் அவற்றிலிருந்து செட்டைத் தள்ளி வைக்க வேண்டும்.

லண்டனில் உள்ள மகன் 'டிஏபி' (டிஜிட்டல் ஒலிபரப்பை எடுக்கும்) செட் அனுப்பப் போகிறாராம். (நுவரெலியா)

எப்.எம். இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அனுப்பட்டும், சதுரக்கால் பிளக்கும் இங்கே பொருந்தும். டிஏபி பகுதி மட்டுமே உள்ள செட் உங்களுக்கு உதவாது. தானாக நேரம் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அங்குள்ள நேர சமிக்ஞை இங்கே எட்டாது. சில செட்டுகளில் முழு மணி வித்தியாசங்களை மட்டுந்தான் தெரிவுசெய்யலாம், நம்முடைய ஐந்தரை மணிக்கு அதில் இடமில்லை.

நீல எண்கள் உள்ளதா, சிவப்பு எண்கள் உள்ளதா நல்லது? (பண்டாரவளை)

சிவப்பு. நீல ஒளிதான் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை அதிகம் குறைப்பது. நிறத்தைவிட ஒளியைக் குறைக்கும் வசதி முக்கியம். 'ஹை, லோ' என்ற இரண்டு படி மட்டும் இருந்தால் இருட்டறையில் 'லோ'வும் கண்ணைக் குத்தலாம். முற்றாக அணைக்க முடிகிற செட் கிடைத்தால் அதை எடுங்கள்.

சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது. பெட்டரி இடத்தில் வெள்ளைத் தூளும் பூத்திருக்கிறது. (நானுஓயா)

இரண்டும் வேறு வேறு. கரகரப்பு, பனியின் ஈரத்தால் குமிழுக்குள் படிந்த அழுக்கு. பிளக்கைக் கழற்றிவிட்டு, கொன்டாக்ட் கிளீனரைக் குமிழின் கீழுள்ள துவாரத்தில் இரண்டு துளி அடித்து, இருபது முப்பது தடவை முழுக்கத் திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெயைப் பயன்படுத்தாதீர்கள், அது பிசுபிசுத்து தூசியைச் சேர்க்கும்.

வெள்ளைத் தூள், கசிந்த அல்கலைன் பெட்டரியின் காரம். கையுறை போட்டுக்கொண்டு பழைய பெட்டரிகளை எடுங்கள். பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு அல்லது வினாகிரி தொட்டுத் துடைத்தால் நுரைத்து கரையும். பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒருமுறை, ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்து, ஒரு நாள் காயவிட்டுப் புதிய பெட்டரி போடுங்கள். ஸ்பிரிங் பச்சையாகி முறிந்திருந்தால் திருத்துபவரிடம் புதியதைப் பற்றவைக்கச் சொல்லலாம். புதிய பெட்டரியையும் பழையதையும் கலந்து போடாதீர்கள், முதலில் தீர்ந்துபோவதுதான் கசியும்.