மனை யாருக்குப் போனது?

அன்புள்ள ஐயா,

கிரேக்கத்தின் தெசலோனிக்கி 1917 தீவிபத்துக்குப் பிறகு திட்டமிட்டுக் கட்டப்பட்டதைப் படித்தோம். எவ்வளவு அழகு! நம் ஜார்ஜ் டவுனையும் மொத்தமாக இடித்துவிட்டு அப்படிக் கட்டினால் என்ன?

கே., கட்டடக்கலை மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள கே.,

அங்குள்ள அரிஸ்டாட்டில் சதுக்கம் அழகுதான். ஆனால் அந்த மண்ணில் முன்பு குடியிருந்தவர்களைப் பற்றி உங்கள் பாடத்தில் எத்தனை வரி இருந்தது? பல நூற்றாண்டுகள் ஓட்டோமான் துருக்கியர் ஆட்சியில் இருந்த ஊர், 1912இல் கிரேக்கத்தின் கைக்கு வந்தது. ஐந்தே வருடத்தில் தீ. 70,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள், பெரும்பாலோர் யூதர்கள். பழையபடி கட்டிக்கொள்ளக் கூடாதென்று அரசு தடுத்தது. மனைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மதிப்புக்குப் பணமாக இல்லாமல் கையில் கடன் பத்திரம் கொடுத்தது. பிரெஞ்சுக்காரரான எர்னஸ்ட் எப்ரார் தலைமையில் வரைபடம் தயாரானது. அப்புறம் மனைகள் ஏலத்துக்கு வந்தன. இல்லாதவர்கள் ஏலத்தில் நிற்க முடியுமா? ஊர் ஓரத்துக்குப் போனார்கள். துருக்கியர் காலத்துச் சந்துகள் இருந்த இடத்தில் அவர்களுக்கு முன் ஆண்ட கிரேக்கப் பேரரசை நினைவூட்டும் பைசாந்திய வளைவுகள் எழுந்தன. புது அரசு தனக்கு வேண்டிய முகத்தை ஊருக்கு வைத்துக்கொண்டது.

நமக்கும் இது நடந்திருக்கிறது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருந்தது, நம் சனங்கள் குடியிருந்த பழைய கருப்பர் நகரம். 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் திரும்பி வந்த ஆங்கிலேயர்கள், பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டுமென்று மிச்சத்தையும் பிறகு தரைமட்டமாக்கினார்கள். ஹைகோர்ட் நிற்பது அந்த இடத்தில்தான். இதற்குள் யாரும் கட்டக்கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸில் இன்னும் இருக்கிறது.

இடிபட்டதில் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் ஒன்று. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, ஊராரும் பணம் போட, பூக்கடைப் பக்கம் அதே பெயரில் மறுபடி எழுந்தது. பக்கத்திலேயே சென்னமல்லீசுவரர். பட்டணம் கோயில் என்றால் இன்றும் சனங்களுக்குத் தெரியும். இடம் புதிது, கட்டடமும் புதிது. இன்று ஜார்ஜ் டவுன் என்கிற முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்த சனங்கள் ஊரைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். கூப்பிடு தூரத்தில் மனை கிடைத்ததால் அது நடந்தது என்று நினைக்கிறேன்.

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "காசிமேட்டுல வாசல்ல நின்னா அலை தெரியும். இங்க நின்னு என்னத்தப் பாக்குறது?" வீடு என்னவோ உறுதியான வீடுதான்.

ஜார்ஜ் டவுனில் விழப்போகும் கட்டடங்கள் இருக்கின்றன, இடிக்கத்தான் வேண்டும். சரி, பென்சிலை எடுக்கும் முன் தங்கசாலைத் தெருவில், ஆண்டர்சன் தெருவில் மாடிகளில் குடியிருப்பவர்கள் யார், எத்தனை வருடமாக, என்ன வாடகைக்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நானும் கூட வருகிறேன். சனிக்கிழமை காலை, பட்டணம் கோயில் வாசலில்.