திடீர்னு ஆறு மாசம் ஆஸ்பத்திரில படுத்துட்டா என் பிட்காயின் என்ன ஆகும்?

நீங்க கேட்டது ரொம்ப நியாயமான பயம்ங்க. காயின் பிளாக்செயின்ல, அதாவது நெட்ல பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வச்சிருக்கற பொதுக் கணக்குப் புத்தகத்துல தான் இருக்கு, நீங்க பத்து வருஷம் தொடலேன்னாலும் அது எங்கயும் போகாது, சிக்கல் எல்லாம் அதை அனுப்பறதுக்கான ரகசிய சாவியில தான்.

எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது காயின் வாங்கி விக்கற கம்பெனில வச்சிருந்தா, சாவி அவங்க கைல தான், முதல்ல வெளிய எடுங்க. 2024 ஜூலைல வசிர்எக்ஸ்ங்கற இந்திய எக்ஸ்சேஞ்ச்ல ஹேக் ஆகி சுமார் 23 கோடி டாலர் போச்சு, வித்ட்ராவலயும் நிறுத்திட்டாங்க, அந்த நேரம் நீங்க படுக்கைல இருந்தா நியூஸ் கூட தெரியாது. இன்னொண்ணு, இந்தியால சிம் 90 நாள் சும்மா கிடந்தா கனெக்ஷனை கட் பண்ணலாம், அப்புறம் ஓடிபி எங்க வரும்?

அதனால சாவியை உங்க கைலயே வச்சுக்கற சின்ன டிவைஸ், ஹார்டுவேர் வாலட் வாங்கிடுங்க. லெட்ஜர்ங்கற கம்பெனியோட வாலட்ல 3 தடவ பின் தப்பா போட்டா உள்ள இருக்கறது அழிஞ்சிடும், ஆனா முதல்ல செட் பண்றப்ப அது காட்டற 24 பேக்கப் வார்த்தை கைல இருந்தா புது டிவைஸ்லயே எல்லாம் திரும்பிடும். நான் அந்த வார்த்தைகளை 1, 2, 3னு நம்பர் போட்டு பேப்பர்ல எழுதி, எழுத்து ஒவ்வொண்ணா சரிபார்த்து, ஒரு காப்பி பேங்க் லாக்கர்ல வச்சேன். போட்டோ மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க, கிளவுட்ல ஏறிடும்.

லாக்கர்ல வீட்டுக்காரம்மா பேரையும் சேர்த்துடுங்க, அந்தப் பேப்பர் எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். லெவரேஜ் பொசிஷன், அதாவது கடன் வாங்கிப் போட்ட டிரேட் இருந்தா இன்னைக்கே க்ளோஸ் பண்ணிடுங்க, நீங்க இல்லாதப்ப விலை சரிஞ்சா மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம் கூடுதலா போட ஆள் கிடையாது.