சிங்கப்பூர்ப் பள்ளியில் பின்னக் கணக்கும் விகிதக் கணக்கும்: புதிதாக வந்த ஒரு தம்பிக்கு

தம்பி, கோயம்புத்தூரில் கணக்கில் கெட்டிக்காரனாக இருந்த பையன், ஜனவரியில் இங்கே தொடக்கநிலை 5-இல் சேர்ந்ததிலிருந்து கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே முகம் வாடிப்போகிறான் என்று எழுதியிருந்தீர்கள். "எக்ஸ் போட்டால் மூன்று வரியில் முடிகிற கணக்குக்கு எதற்கு அக்கா இத்தனை பெட்டி வரையச் சொல்கிறார்கள்? டியூஷனில் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டியூஷனைக் கடைசியில் பேசலாம். முதலில் அந்தப் பெட்டி. ஊரிலிருந்து வரும் பெற்றோர் பலரும் அதை வேண்டாத சுற்றுவழி என்றுதான் நினைக்கிறார்கள். என் மகள் இங்கேதான் தொடக்கப்பள்ளி முடித்தாள். அவளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு அந்த முறைமேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மாடல் மெத்தட் என்று இங்கே எல்லாரும் சொல்வது இதைத்தான். 1980களில் கல்வி அமைச்சின் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் கோ டெக் ஹோங் தலைமையில் ஒரு குழு இதை உருவாக்கியது. கூட்டல், கழித்தல் எல்லாம் தெரிந்தும் ப்ராப்ளம் சம், அதாவது வாக்கியமாகக் கொடுக்கும் கணக்கு வந்தால் திணறுகிற பிள்ளைகளுக்காக வந்த வழி. பத்து வயதுக் குழந்தைக்கு எக்ஸ் என்பது வெறும் எழுத்து. அதே தெரியாத அளவை ஒரு நீளமான பெட்டியாக வரைந்தால், அதை வெட்டலாம், பக்கத்தில் இன்னொன்றை ஒட்டலாம், எது பெரியது என்று கண்ணால் பார்க்கலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ரவி தன் பணத்தில் 2/5 பங்கில் ஒரு பை வாங்கினான். மீதியில் 1/3 பங்கில் ஒரு புத்தகம் வாங்கினான். கையில் 24 வெள்ளி (இங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம்) மிஞ்சியது. முதலில் எவ்வளவு வைத்திருந்தான்?

உங்கள் பையனிடம் கொடுத்துப் பாருங்கள். பின்னம் கூட்டுவதில் வேகமான பிள்ளைகள்தான் இதில் விழுவார்கள். 2/5-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 11/15 செலவு, 4/15 மிச்சம், அது 24 என்றால் மொத்தம் 90 வெள்ளி என்று எழுதிவிடுவார்கள். 90 அழகான முழு எண்ணாக வந்து நிற்பதால் சந்தேகமும் வராது. ஆனால் அந்த 1/3 மொத்தத்தில் இல்லை, மீதியில். பெட்டி வரைந்திருந்தால் இந்தத் தப்பு நடக்க வழியே இல்லை. ஒரு நீளப் பெட்டியை ஐந்தாக வெட்டுகிறோம். இரண்டு கட்டம் பைக்குப் போய்விட்டது. மூன்று கட்டம் நிற்கிறது. அதில் மூன்றில் ஒன்று என்றால் ஒரே ஒரு கட்டம், அது புத்தகத்துக்கு. மிச்சம் இரண்டு கட்டம் 24 வெள்ளி, ஒரு கட்டம் 12, ஐந்து கட்டம் 60 வெள்ளி. பின்னத்தைக் கூட்டவும் வேண்டியிருக்கவில்லை, பெருக்கவும் வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு கட்டத்தைத்தான் இங்கே யூனிட் என்கிறார்கள். பையனும் நோட்டில் "1 யூ = 12" என்று எழுதிப் பழகட்டும்.

இப்போதைய பாடத்திட்டத்தில் விகிதம் தொடக்கநிலை 6-க்குப் போய்விட்டது. இந்த ஆண்டு பின்னமும் சதவீதமும் கைவந்துவிட்டால் அடுத்த ஆண்டு விகிதம் புதிதாகவே தெரியாது, யூனிட் பழகியிருக்கும். ஆனால் விகிதத்தில் ஒரு கேள்வி கூடுதலாகச் சேரும். அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்: முன்பும் பின்பும் மாறாமல் இருப்பது எது?

மெய் லிங், அனிதா இருவரிடமும் உள்ள ஸ்டிக்கர்கள் 3:1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. மெய் லிங் 15 ஸ்டிக்கரை அனிதாவுக்குக் கொடுத்ததும் விகிதம் 5:3 ஆகிறது. முதலில் யாரிடம் எத்தனை? குழந்தைகள் உடனே 3-ஐயும் 5-ஐயும் பக்கத்தில் வைத்து, மெய் லிங்குக்கு எப்படிக் கூடியது என்று குழம்புவார்கள். முதல் விகிதத்தின் கட்டமும் இரண்டாம் விகிதத்தின் கட்டமும் ஒரே அளவு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கைமாறியதே தவிர ஸ்டிக்கர் எங்கும் போகவில்லை, ஆகவே மொத்தம் மாறவில்லை. முன்பு மொத்தம் 4 கட்டம், பின்பு 8 கட்டம். முதலாவதை இரட்டித்து 6:2 ஆக்கினால் இரண்டிலும் எட்டு. இப்போது மெய் லிங் 6-இலிருந்து 5-க்கு வந்திருக்கிறாள். ஒரு கட்டம் 15. எனவே 90-உம் 30-உம். கொடுத்த பிறகு 75, 45, சரிபார்த்தால் 5:3.

மொத்தம் மாறாத கணக்கு, வித்தியாசம் மாறாத கணக்கு, ஒருவருடையது மட்டும் மாறாத கணக்கு என்று மூன்று வகையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கேள்வியைப் படித்ததும் "எதுப்பா மாறல?" என்று தமிழிலேயே கேளுங்கள், அது போதும். இருவருடையதும் வெவ்வேறு அளவில் மாறுகிற கணக்கும் உண்டு. அங்கே படம் சிக்கலாகிவிடும். அப்போது 4யூ - 18, 3யூ + 6 என்று எழுதத் தொடங்குவார்கள். அது நீங்கள் சொல்கிற எக்ஸேதான். படத்தின் வழியாக அங்கே வந்து சேர்ந்த பிள்ளைக்கு அந்த யூ எதைக் குறிக்கிறது என்று தெரிந்திருக்கும்.

தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பொதுத்தேர்வான பிஎஸ்எல்இ-யில் 2021-ஆம் ஆண்டு வந்து பிள்ளைகளை அழவைத்த ஹெலன், ஐவன் நாணயக் கணக்கைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லுவார்கள். இருவரிடமும் சம எண்ணிக்கையில் நாணயங்கள், எல்லாம் 50 காசும் 20 காசும். ஹெலனிடம் 64 இருபது காசு, ஐவனிடம் 104. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? 50 காசு எத்தனை என்று தேடிப் போனால் அகப்படாது. எண்ணிக்கை சமம் என்பதைப் பிடித்தால் ஐவனிடம் 20 காசு 40 கூடுதல், ஆகவே ஹெலனிடம் 50 காசு 40 கூடுதல். ஒவ்வொன்றுக்கும் 30 காசு வித்தியாசம், 12 வெள்ளி. ஹெலனிடம்தான் அதிகம். விகிதக் கணக்கே இல்லை இது, ஆனாலும் மாறாததைத் தேடுகிற கண் இருந்தால் இதுவும் திறக்கும்.

படம் வரைந்தால்தான் மதிப்பெண் என்று பயப்பட வேண்டாம். சரியான எந்த வழிக்கும் மதிப்பெண் உண்டு. வழியைக் காட்டாமல் விடை மட்டும் எழுதி, அதுவும் தப்பாகிவிட்டால்தான் ஒன்றும் கிடைக்காது. பிஎஸ்எல்இ கணக்குத் தேர்வில் கால்குலேட்டர் இரண்டாம் தாளுக்கு மட்டும்தான், முதல் தாளில் கையால்தான் போட வேண்டும். ஊரில் பழகிய வாய்ப்பாடு அங்கே பையனுக்குக் கைகொடுக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. அவன் தடுமாறுவது கணக்கிலா, ஆங்கில வாசிப்பிலா என்று முதலில் பாருங்கள். அதே கேள்வியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். போட்டுவிடுகிறான் என்றால், மெதுவாகப் படித்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கோடு வரையும் பழக்கம்தான் அவனுக்கு வேண்டும்.

டியூஷன் விஷயம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் போகிறார்கள் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். டியூஷன் கட்டாயம் வேண்டும் என்று ஆகிவிட்டால், நிரந்தரவாசி ஆனவர்களுக்குச் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் துணைப்பாட வகுப்பு குறைந்த கட்டணத்தில் கிடைக்கும், முதலில் அதை விசாரியுங்கள். அதற்கு முன்னால், பெற்றோர் சந்திப்பின்போது வகுப்பாசிரியரிடம் அவன் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, எந்த வரியில் வழுக்குகிறான் என்று அவரோடு சேர்ந்து பாருங்கள்.

இன்று இரவு இதைக் கொடுங்கள்: அம்மாவின் வயது மகனின் வயதைப்போல 4 மடங்கு, 4 ஆண்டு கழித்து 3 மடங்கு, இப்போது யாருக்கு எத்தனை வயது? விடை 32-உம் 8-உம். நீங்கள் சொல்லித் தராமல், இருவர் வயதுக்கும் உள்ள வித்தியாசம் மாறாது என்று அவனாகவே சொல்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். சொல்லிவிட்டான் என்றால் ஜூன் விடுமுறை வரை டியூஷன் பேச்சையே எடுக்க வேண்டாம்.